நல்ல எண்ணம் செயலாவது எப்படி? ஞாயிறு கேட்டதைத் திங்களன்று செய்ய ஒரு முழு வழிகாட்டி

ஞாயிறு ஆராதனையில் செய்தி கேட்டுக்கொண்டிருக்கும்போது மனதில் ஒன்று தைக்கிறது. இரண்டு வருடமாகப் பேசாமல் இருக்கும் அண்ணனிடம் பேசிவிட வேண்டும். தனியாக இருக்கும் சித்தியைப் போய்ப் பார்க்க வேண்டும். விட்டுப்போன குடும்ப ஜெபத்தை மறுபடி தொடங்க வேண்டும். கண் கலங்குகிறது, ஆமென் சொல்கிறோம். வீட்டுக்கு வந்து சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் பாதி கரைந்துவிடுகிறது. திங்கட்கிழமை காலை டிபன் பாக்ஸும் பஸ்ஸுமாக ஓடும்போது மீதியும் போய்விடுகிறது. அடுத்த ஞாயிறு வேறு செய்தி, வேறு எண்ணம்.

கண்ணாடியில் முகம் பார்த்துவிட்டுப் போனதும் தன் சாயல் இன்னதென்று மறந்துவிடுகிறவனைப் பற்றி யாக்கோபு சொல்கிறார் (யாக்கோபு 1:23, 24). அவன் சரியாகத்தான் பார்த்தான். கண்ணாடியிலும் குறை இல்லை. நெற்றியில் கரி இருப்பது தெரிந்தும் துடைக்காமல் நகர்ந்துவிட்டான். துடைக்க வேண்டிய நேரம், கண்ணாடி முன் நிற்கிற அந்த நேரம்.

நல்ல எண்ணங்கள் பெரும்பாலும் விசுவாசக் குறைவால் சாவதில்லை. அவற்றுக்கு ஓர் ஆள், ஒரு நாள், ஓர் அளவு கிடைக்காததால் சாகின்றன. அந்த மூன்றையும் எப்படிக் கொடுப்பது, கொடுத்த பிறகும் எங்கே தடுக்கும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

தொடங்கும் முன் ஒரு தெளிவு

நற்கிரியை செய்து யாரும் இரட்சிப்பை வாங்க முடியாது. எபேசியர் 2:8, 9 அதை முடித்து வைத்துவிடுகிறது. அதற்கு அடுத்த வசனமே, நாம் நற்கிரியைகளுக்கென்று கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்கிறது. வரிசை முக்கியம்: முதலில் கிருபை, பிறகு கிரியை. இதைத் தலைகீழாக்கி, "இதைச் செய்யாவிட்டால் கர்த்தர் கோபிப்பார்" என்ற பயத்தில் தொடங்கும் காரியங்கள் மூன்று வாரம் தாண்டுவதில்லை. பயம் தணிந்ததும் வேலையும் நின்றுவிடும்.

பிலிப்பியர் 2:13 நமக்கு இன்னும் பெரிய ஆறுதல். தேவன் நம்மில் "விருப்பத்தையும் செய்கையையும்" உண்டாக்குகிறார் என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. விருப்பத்தைத் தந்துவிட்டு, செய்வதை மட்டும் உன் பாடு என்று அவர் விட்டுவிடவில்லை. ஆகவே நாள் குறிப்பதும் கணக்குப் போடுவதும் ஆவிக்குரிய காரியங்களுக்குக் கீழானவை என்று நினைக்க வேண்டாம்.

எண்ணம் நழுவுகிற இடம்

1973-ல் டார்லி, பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேர் அதில் பங்கெடுத்தார்கள். அடுத்த கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு உரை ஆற்ற வேண்டும் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. சிலருக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பே நல்ல சமாரியன் உவமை. போகிற வழியில் ஒருவர் குனிந்து இருமிக்கொண்டு கிடந்தார். அவரை அங்கே வைத்ததும் ஆய்வின் ஒரு பகுதிதான். "நேரம் இருக்கிறது, மெதுவாகப் போகலாம்" என்று அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் அவருக்கு ஏதோ ஒரு விதத்தில் உதவினார்கள். சரியான நேரத்துக்குப் போக வேண்டும் என்று அனுப்பப்பட்டவர்களில் 45 சதவீதம். "ஏற்கெனவே தாமதம், ஓடுங்கள்" என்று அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம். சமாரியனைப் பற்றிப் பேசப் போனவர்களுக்கும் வேறு தலைப்பில் பேசப் போனவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தென்படவில்லை.

அவர்கள் கெட்டவர்கள் அல்ல, ஊழியத்துக்குத் தங்களை ஒப்புக்கொடுத்தவர்கள். அவசரம்தான் அவர்களை மாற்றியது. அதனால் முதல் வேலை, வாரத்தில் கொஞ்சம் இடத்தைக் காலியாக வைப்பது. வேலைக்குப் போகிறவருக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் போதும்: ஒரு மாலை, அல்லது ஞாயிறு ஆராதனை முடிந்து மதியம் வரைக்கும். அந்த நேரத்தில் வேறு எந்த நிகழ்ச்சிக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள், சபைக் கூட்டமானாலும் சரி. காலி நேரமே இல்லாத வாரத்தில் எவ்வளவு உருக்கமான செய்தி கேட்டாலும் அது விழுவதற்கு நிலம் இல்லை.

அன்றைக்கே எழுதுங்கள்

வேதாகமத்தோடு ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். போனிலும் எழுதலாம். ஆனால் போனைத் திறந்தால் வாட்ஸ்அப் கூப்பிடும், அதனால் நோட்டு நல்லது. செய்தி முடிந்து கடைசிப் பாட்டு தொடங்குவதற்குள், அல்லது வீடு வந்து உடை மாற்றுவதற்குள், ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். பிரசங்கக் குறிப்பு தனியாக இருக்கட்டும். இந்த வாக்கியம் நீங்கள் செய்யப் போவது.

"ஏழைகளுக்கு உதவ வேண்டும்" என்று எழுதினால் அது இன்னும் எண்ணம்தான். "வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் மகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கும் முன் நோட்டுப் புத்தகம் வாங்கித் தர வேண்டும்; எத்தனை வேண்டும் என்று புதன்கிழமை கேட்பேன்; 800 ரூபாய் வரை" என்று எழுதினால் அது காரியம். இரண்டாவது வாக்கியத்தில் ஆள் இருக்கிறது, நாள் இருக்கிறது, அளவு இருக்கிறது, முதல் அடி இருக்கிறது. இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் அந்த இடத்தில்தான் பிறகு சிக்கிக்கொள்ளும்.

முதல் அடி எப்போதும் 10 நிமிடத்துக்குள் முடிகிற அளவில் இருக்கட்டும். ஒரு போன், ஒரு கேள்வி, ஒரு கவரில் பணம் எடுத்து வைப்பது, அவ்வளவே. "சிறைச்சாலை ஊழியம் செய்ய வேண்டும்" என்ற பாரம் வந்தால், முதல் அடி சிறைக்குப் போவதல்ல. ஏற்கெனவே அந்த ஊழியம் செய்கிறவர் யார் என்று போதகரிடம் கேட்பதுதான்.

இன்னொன்று: செய்ய வேண்டியதை, ஏற்கெனவே தவறாமல் நடக்கிற ஒன்றோடு கட்டிவிடுங்கள். "இன்னது நடந்ததும் இன்னது செய்வேன்" என்ற வடிவில் தீர்மானிக்கிறவர்கள் சொன்னதைச் செய்துமுடிப்பது கூடுகிறது என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களிலேயே ஆய்வுகள் மூலம் காட்டியிருக்கிறார். "தினமும் குடும்ப ஜெபம்" என்பதைவிட "ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டு கழுவி வைத்ததும், டிவி போடுவதற்கு முன், ஒரு சங்கீதம், ஒரு ஜெபம்" என்பது நிற்கும். ஏழு நிமிடம் போதும். முதல் வாரமே அரை மணி நேரம் என்று வைத்தால், பரீட்சை நேரத்தில் பிள்ளைகள் முதலில் வெட்டுவது அதைத்தான்.

சபைகளுக்கு இது புதிதல்ல. மிசோரம் சபைகளில் 1910-ல் தொடங்கி இன்றும் நடக்கும் பிடியரிசிக் காணிக்கை இதே முறைதான். சோறு வைக்கும் ஒவ்வொரு வேளையும், அரிசி உலையில் போகுமுன், ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போடுகிறார்கள். நம் ஊர்ச் சபைகளிலும் பிடியரிசி எடுத்து வைத்த குடும்பங்கள் உண்டு. கைப்பிடிக்கு 40 கிராம் என்று வைத்தால், நாளுக்கு இரண்டு வேளை, மாதத்தில் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. வீட்டில் யாருக்கும் சோறு குறையாது. தாய்க்குத் தனியாக ஞாபகம் வைக்க வேண்டியதும் இல்லை. அரிசிப் பானையைத் திறந்தாலே ஞாபகம் வந்துவிடும்.

பவுல் கொரிந்து சபைக்குச் சொல்லிக்கொடுத்த முறை

நல்ல எண்ணம் பாதி வழியில் நின்றுபோனதற்கும், அதை ஒருவர் கைபிடித்துக் கரை சேர்த்ததற்கும் வேதத்திலேயே விரிவான உதாரணம் ஒன்று இருக்கிறது. எருசலேமிலுள்ள ஏழைப் பரிசுத்தவான்களுக்காகப் பவுல் பல சபைகளில் தர்மப்பணம் சேர்த்தார். கொரிந்து சபைக்கு உற்சாகத்துக்குக் குறைவில்லை. அவர்களுடைய மனவிருப்பத்தைப் பவுல் மக்கெதோனியரிடம் புகழ்ந்து பேசும் அளவுக்கு இருந்தது (2 கொரிந்தியர் 9:2). ஆனால் வருடம் ஒன்று ஆகியும் பணம் சேர்ந்து முடியவில்லை. 2 கொரிந்தியர் 8, 9 அதிகாரங்களை இந்தக் கண்ணோடு ஒரு முறை வாசித்துப் பாருங்கள். உபதேசத்தோடு நிர்வாகமும் அங்கே கைகோத்து நடக்கிறது.

முதல் நிருபத்திலேயே அவர் முறையைச் சொல்லிவிட்டார்: "உங்களில் அவனவன் வாரத்தின் முதல்நாள்தோறும், தன்தன் வரவுக்குத் தக்கதாக எதையாகிலும் தன்னிடத்திலே சேர்த்துவைக்கக்கடவன்" (1 கொரிந்தியர் 16:2). ஒரே வாக்கியத்தில் எவ்வளவு அடங்கியிருக்கிறது! யார்? அவனவன், அதாவது ஒவ்வொருவரும். எப்போது? வாரத்தின் முதல் நாள், வாராவாரம். எவ்வளவு? வரவுக்குத் தக்கதாக. எங்கே? தன்னிடத்தில். எதற்காக இந்த முறை? தான் வரும்போது பணம் சேர்க்கும் வேலை இருக்கக்கூடாது என்று. பிரசங்கியார் வந்து உருகவைத்ததும் பையிலிருந்து எடுப்பதைப் பவுல் விரும்பவில்லை. உணர்ச்சி உச்சத்தில் இருக்கும்போது கொடுப்பது சுலபம், நிலைப்பது கடினம். அவர் இல்லாத 50 வாரத்திலும் நடக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

இதை நம் வீட்டுக் கணக்கில் போட்டுப் பாருங்கள். மாதம் 25,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒருவர், சபைக் காணிக்கை தவிர, தேவையிலிருப்போருக்கென்று வாரம் 150 ரூபாய் தனிக் கவரில் எடுத்து வைத்தால் மாதம் ஏறக்குறைய 650, வருடத்தில் 7,800. ஒரு பிள்ளையின் பள்ளிச் செலவில் கணிசமான பங்கு அது. கூலி வேலை செய்கிறவர் வேலை கிடைத்த நாளில் மட்டும் 10 ரூபாய் வைக்கலாம். வரவு இல்லாத நாளில் கடன் இல்லை, குற்ற உணர்ச்சியும் இல்லை. "அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே" என்று 2 கொரிந்தியர் 8:12 தெளிவாகச் சொல்கிறது. கவரை அலமாரியில் சேலைக்கு அடியிலோ தகரப் பெட்டியிலோ வையுங்கள், பர்ஸில் வேண்டாம். பர்ஸில் இருக்கும் பணத்துக்குப் பால்காரர், ஆட்டோ, பிள்ளையின் ஸ்கூல் ஐடி கார்டு என்று பத்து உரிமையாளர்கள். எடுத்துத் தனியே வைத்த பிறகு அது உங்கள் பணம் அல்ல; தேவை யாருக்கு வந்தாலும் "இருக்கிறதா, கொடுக்கலாமா" என்ற போராட்டமே எழாது. கொடுப்பதில் வரும் கஷ்டத்தில் பெரும்பங்கு அந்தப் போராட்டம்தான்.

பிறகு பவுல் ஆட்களை அனுப்பினார். தன் உடன் ஊழியர் தீத்துவும் அவரோடு இரண்டு சகோதரரும் முன்னதாகவே போய், சொல்லியிருந்த காணிக்கையை ஆயத்தம் செய்யும்படி ஏற்பாடு செய்தார் (9:3-5). மக்கெதோனியர் தன்னோடு வரும்போது கொரிந்தியர் ஆயத்தமில்லாமல் இருந்தால் வெட்கமாகிவிடும் என்று வெளிப்படையாகவே எழுதுகிறார். ஆக, நமக்கும் ஒரு தீத்து வேண்டும். ஒரே ஒருவர் போதும். மனைவி, கணவர், நல்ல நண்பர், வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஒருவர். அவரிடம் எண்ணத்தைச் சொல்வதைவிட நாளைச் சொல்லுங்கள்: "வெள்ளிக்கிழமை ராத்திரி எனக்கு போன் பண்ணி, போனியான்னு மட்டும் கேளுங்க." அவர் உபதேசம் செய்யக்கூடாது, கேட்டுவிட்டு வைத்துவிட வேண்டும்.

பணம் மொத்தமாகச் சேரும்போது யாரும் குற்றம் சொல்லாதபடி பலர் சேர்ந்து கொண்டுபோக வேண்டும் என்பதிலும் பவுல் கவனமாக இருந்தார் (8:20, 21). சபையில் யாருக்காவது சிகிச்சைக்கென்று பணம் திரட்டுகிறீர்களா? இரண்டு பேர் எண்ணட்டும், நோட்டில் இருவரும் கையெழுத்துப் போடட்டும், எவ்வளவு வந்தது, எவ்வளவு கொடுத்தோம் என்று அதே குழுவில் சொல்லிவிடட்டும். நல்ல எண்ணத்தில் தொடங்கி, கணக்குக் காட்டாததால் கசப்பில் முடிந்த காரியங்கள் சபைகளில் ஏராளம்.

கொரிந்து கடைசியில் என்ன செய்தது? ரோமர் 15:26-ல், மக்கெதோனியாவோடு அகாயாவும் சேர்ந்து கொடுத்ததாகப் பவுல் எழுதுகிறார். கொரிந்து இருப்பது அகாயாவில். பாதியில் நின்றது முடிந்தது.

ஜெபம் எங்கே வருகிறது

"ஜெபிச்சுக்கிறேன்" என்ற சொல்லை நாம் இரண்டு அர்த்தத்தில் பயன்படுத்துகிறோம். ஒன்று உண்மையான ஜெபம். மற்றொன்று மரியாதையாக நழுவுவது. பசித்தவனிடம் "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறவனை யாக்கோபு 2:15, 16 கண்டிக்கிறது. அவன் சொன்னதும் நல்ல வார்த்தைதான், ஆசீர்வாதம் மாதிரியே இருக்கிறது.

எதற்கு ஜெபித்துக் காத்திருக்க வேண்டும், எதற்கு வேண்டாம்? உங்கள் கையில் இருக்கிறது, வேதத்தில் தெளிவாய் இருக்கிறது, தவறானால் பெரிய சேதமில்லை என்றால் அன்றைக்கே செய்யுங்கள். அயலானிடம் "நாளைக்குத் தருவேன்" என்று சொல்லாதே என்கிறது நீதிமொழிகள் 3:28. பக்கத்து வீட்டில் காய்ச்சல், கஞ்சி கொண்டுபோகலாமா என்று மூன்று நாள் உபவாசிக்கத் தேவையில்லை. வேலையை விடுவது, கடன் வாங்கிக் கொடுப்பது, ஒரு பிள்ளையை வளர்க்க எடுப்பது, ஊர் மாறுவது போன்றவற்றுக்குக் காலம் கொடுங்கள்.

அப்படிப்பட்ட காத்திருப்புக்கு நெகேமியா நல்ல மாதிரி. எருசலேமின் மதில் இடிந்து கிடப்பதைக் கேட்டு அழுதது கிஸ்லேவு மாதம். ராஜாவிடம் பேசியது நிசான் மாதம். நடுவில் ஏறக்குறைய நான்கு மாதம் ஜெபித்தார். ஆனால் ராஜா கேட்டவுடன் அவர் வாயிலிருந்து வந்தவை என்ன? திரும்பி வரும் காலம், வழியிலுள்ள தேசாதிபதிகளுக்குக் கடிதங்கள், வனக்காவலன் ஆசாபுக்கு மரம் கேட்டு ஒரு கடிதம் (நெகேமியா 2:6-8). அந்த நான்கு மாதமும் அவர் யோசித்துக்கொண்டுமிருந்தார் என்பது இதிலிருந்தே தெரிகிறது. எருசலேம் போன பிறகு இராத்திரியில் அலங்கத்தை, அதாவது நகர மதிலை, சுற்றிப் பார்த்தார்; தேவன் தன் மனதில் வைத்ததை அப்போது ஒருவருக்கும் சொல்லவில்லை. மூன்றாம் அதிகாரத்தில் பலர் தங்கள் தங்கள் வீட்டுக்கு எதிரேயே கட்டினார்கள். 52 நாளில் அலங்கம் முடிந்தது (6:15). ஜெபிக்கும் நாட்களில் நோட்டில் இரண்டு பக்கம் பிரியுங்கள்: ஒரு பக்கம் கர்த்தரிடம் கேட்பது, மறுபக்கம் தெரிந்துகொள்ள வேண்டிய விவரம். இரண்டாம் பக்கம் மாதக்கணக்கில் வெறுமையாகவே இருந்தால், அந்த எண்ணத்தை இன்னும் நாம் உண்மையாய்க் கையில் எடுக்கவில்லை.

சில எண்ணங்கள் வருடங்கள் கேட்கும். 1890-களில் திண்டிவனத்தில் ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணின் வீட்டுக்கு, ஒரே இரவில் மூன்று வீட்டிலிருந்து பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். மருத்துவரான தகப்பனை அனுப்பலாம் என்றால், ஆண் மருத்துவர் வேண்டாம் என்றார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். வாசலில் நின்ற ஐடாவுக்கு அன்றைக்குச் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. அவர் எடுத்த அடி, அமெரிக்கா போய் மருத்துவம் படிப்பது. 1899-ல் படிப்பை முடித்தார், 1900-ல் வேலூரில் ஒரே கட்டிலோடு தொடங்கினார், 1902-ல் 40 படுக்கை மருத்துவமனை, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இப்படிப்பட்ட பாரம் உங்களுக்கு இருந்தால், இன்று உதவி செய்ய முடியவில்லையே என்று வருந்தாமல், படிக்க வேண்டியதற்கு விண்ணப்பம் எப்போது வருகிறது என்று பாருங்கள்.

ஆஸ்பத்திரிக்கு விசாரிக்கப் போகும்போது

"வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்" என்ற வசனம் எல்லோருக்கும் தெரியும். போகவும் செய்கிறோம். ஆனால் போவதிலேயே செய்கை முடிந்துவிட்டது என்று எண்ணிவிடுகிறோம். இதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம்.

போவதற்கு முன் போன் செய்யுங்கள். நோயாளிக்கு வேண்டாம், கூட இருப்பவருக்கு. மூன்று கேள்வி: எந்த நேரத்தில் உள்ளே விடுவார்கள், என்ன சாப்பிடலாம், என்ன வாங்கி வரட்டும். மூன்றாவது கேள்விக்கு "ஒண்ணும் வேண்டாங்க" என்றுதான் பதில் வரும். அதனால் கேள்வியை மாற்றுங்கள்: "பிளாஸ்க்ல வெந்நீர் கொண்டு வரட்டுமா, இட்லி கொண்டு வரட்டுமா?" இரண்டில் ஒன்றைச் சொல்வது அவர்களுக்குச் சுலபம்.

சர்க்கரை உள்ளவரிடம் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் கொண்டுபோய்க் குவிப்பதால் பயனில்லை. ஜெனரல் வார்டில் கூட இருப்பவர் மூன்று நாளாகத் தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பார், குளித்திருக்க மாட்டார். "நான் ரெண்டு மணி நேரம் இங்க உக்காந்திருக்கேன், நீங்க வீட்டுக்குப் போய்க் குளிச்சு சாப்பிட்டு வாங்க" என்று சொல்லி உட்காருவதுபோல் உதவி வேறில்லை. டிரிப்ஸ் முடிந்தால் யாரைக் கூப்பிட வேண்டும், மாத்திரை எப்போது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வெறுமனே பார்க்கப் போனால் 15 நிமிடம் போதும். ஜெபிக்கலாமா என்று கேளுங்கள். ஒப்புக்கொண்டால் பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில், இரண்டு நிமிடம். வார்டில் வேறு நோயாளிகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். "இதே வியாதி எங்க சொந்தத்துல ஒருத்தருக்கு" என்று தொடங்காதீர்கள். என்ன பாவம், என்ன குறை என்று காரணம் தேடாதீர்கள். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருந்ததுதான் அவர்கள் செய்த நல்ல காரியம், வாய் திறந்த பிறகு எல்லாம் கெட்டது.

பெரும்பாலோர் மறப்பது டிஸ்சார்ஜுக்குப் பிறகு. ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை கூட்டம் வரும். வீட்டுக்கு வந்து பத்தாம் நாள் யாரும் இருக்கமாட்டார்கள், மருந்துச் செலவு மட்டும் இருக்கும். நோட்டில் அந்தத் தேதியையும் இப்போதே குறித்துவிடுங்கள். நல்ல சமாரியன் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்தார். நாளொன்றுக்குக் கூலி ஒரு பணம் என்று மத்தேயு 20:2-ல் இருப்பதால் அது இரண்டு நாள் கூலி. அதோடு, மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றும் சொல்லிவிட்டுப் போனார். இரண்டாம் வருகைக்கும் அவரிடம் திட்டம் இருந்தது.

பேசாமல் இருப்பவரோடு பேசுவது

ஒப்புரவாக வேண்டும் என்ற எண்ணம்தான் எல்லாவற்றிலும் அதிகமாகத் தள்ளிப்போவது. காணிக்கை செலுத்த வந்த இடத்தில் நினைவு வந்தால், அதைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போ என்கிறார் இயேசு (மத்தேயு 5:23, 24). கலிலேயாவில் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு எருசலேம் பல நாள் நடை. அவ்வளவு தூரம் வந்தவனைத் திரும்பிப் போகச் சொன்னார் என்று எண்ணிப் பார்த்தால் இதன் அவசரம் புரியும்.

வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதாதீர்கள். எழுத்தில் தொனி கேட்காது, குடும்பக் குழுவுக்கு அது போகவும் கூடும். நேரில் போக முடிந்தால் நல்லது, இல்லாவிட்டால் போன். முதல் வாக்கியத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: "அண்ணே, அன்னைக்கு அம்மா முன்னாடி நான் அப்படிப் பேசினது தப்பு. மன்னிச்சிடுங்க." அதோடு நிறுத்துங்கள். "நான் ஏதாவது தப்பாப் பேசியிருந்தா" என்று சொன்னால் அது மன்னிப்பு அல்ல, சந்தேகம். "ஆனா நீங்களும்" என்று ஒரு சொல் வந்தால் பழைய சண்டை திரும்பத் தொடங்கும். சொத்து, கொடுக்கல் வாங்கல் விஷயத்தை அதே பேச்சில் எடுக்காதீர்கள்; அதற்கு வேறு நாள், மூத்தவர் ஒருவரோடு. அவர் பதில் பேசாமல் வைத்துவிடலாம். "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்று ரோமர் 12:18 சொல்லும்போது, மறுபக்கம் உங்கள் கையில் இல்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறது. பண்டிகைக்கு மறுபடியும் கூப்பிடுங்கள்.

அடித்தவரிடம், பாலியல் தொல்லை செய்தவரிடம் தனியாகப் போய் ஒப்புரவாக வேண்டும் என்று யாரும் உங்களை வற்புறுத்த இடம் கொடாதீர்கள். மன்னிப்பது ஒன்று, ஆபத்துக்குள் திரும்பிப் போவது வேறொன்று.

எங்கே கெட்டுப்போகிறது

அளவுக்கு மீறித் தொடங்குவது முதல் காரணம். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் பத்துத் தீர்மானம் எடுத்தால் பொங்கலுக்கு ஒன்றும் மிஞ்சாது. ஒன்று எடுங்கள். ஆறு வாரம் நின்ற பிறகு அடுத்தது. பொருத்தனை என்ற சொல்லை லேசாகப் பயன்படுத்த வேண்டாம்; நேர்ந்துகொண்டு செய்யாமற்போவதைவிட நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம் என்கிறது பிரசங்கி 5:5. சிறு முயற்சிகளை முயற்சியாகவே சொல்லுங்கள்.

முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்வது அடுத்தது. சாட்சியில், ஸ்டேட்டஸில், ஜெபக்குழுவில் "கர்த்தர் எனக்கு இந்தப் பாரத்தைத் தந்திருக்கிறார்" என்று சொன்னதும் "ஸ்தோத்திரம் பிரதர்" என்று பாராட்டு வருகிறது. அந்தப் பாராட்டிலேயே செய்துமுடித்த நிறைவும் வந்துவிடுகிறது. தீத்துவுக்கு மட்டும் சொல்லுங்கள். செய்த பிறகும் உதவி பெற்றவரின் முகத்தைப் படம் எடுத்துப் போடாதீர்கள். அரிசிப் பையோடு நின்ற படத்தை அவர்களுடைய பிள்ளைகளும் பள்ளிக்கூடத் தோழர்களும் பார்ப்பார்கள்.

கேட்காமல் உதவுவதும் கெடுக்கும். எதையும் செய்யுமுன் "இது உங்களுக்கு உபயோகமா இருக்குமா?" என்று கேட்பதற்கு ஒரு நிமிடம் ஆகும். பழைய துணி கொடுத்தால் துவைத்து, பட்டன் தைத்து, பிள்ளையின் அளவு கேட்டுக் கொடுங்கள். யோப்பா பட்டணத்தில் தொற்காள் இறந்தபோது விதவைகள் அழுதுகொண்டு பேதுருவுக்குக் காட்டியது, அவள் உயிரோடிருக்கையில் செய்துகொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும்.

உணர்வு வரட்டும் என்று காத்திருப்பதும் உண்டு. திராட்சத்தோட்ட உவமையில் மூத்த மகன் போகமாட்டேன் என்றான், பிறகு போனான். இளையவன் போகிறேன் ஐயா என்றான், போகவில்லை (மத்தேயு 21:28-30). சந்தோஷமான மனதோடு போனானா என்று இயேசு கேட்கவில்லை. மனமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாலும், தெருமுனை தாண்டும்போது மனம் பெரும்பாலும் பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும்.

விட்டுப்போனால்

நிச்சயம் விட்டுப்போகும். ஒரு வாரம் விட்டால், இரண்டு மடங்காக ஈடு கட்டாதீர்கள். அடுத்த வாரம் வழக்கமான அளவிலேயே தொடருங்கள். தொடர்ந்து மூன்று முறை விட்டால் உங்களைத் திட்டிக்கொள்வதற்கு முன் திட்டத்தைப் பாருங்கள். நாள் தவறா, அளவு பெரிதா, இல்லை முதல் அடி தெளிவில்லையா? மூன்றில் ஒன்று இருக்கும். வெள்ளிக்கிழமை மாலை முடியவில்லை என்றால் சனிக்கிழமை காலைக்கு மாற்றுங்கள், 500 முடியவில்லை என்றால் 200 ஆக்குங்கள். வேண்டுமென்றே கீழ்ப்படியாமல் தள்ளிப்போட்டது உங்களுக்கே தெரிந்தால், அதற்கு மாற்ற வேண்டியது அட்டவணை அல்ல. அறிந்தும் செய்யாமற்போவதைப் பாவம் என்றே யாக்கோபு 4:17 சொல்கிறது. அறிக்கை செய்து மன்னிப்பைப் பெற்றுக்கொண்டு அன்றைக்கே முதல் அடியை வையுங்கள்.

மாதக் கடைசி சனிக்கிழமை இரவு நோட்டைத் திறந்து 20 நிமிடம் உட்காருங்கள். முடிந்தவற்றை அடியுங்கள். முடியாதவற்றில் இன்னும் உயிருள்ளவற்றுக்குப் புது நாள் எழுதுங்கள். உங்கள் வேலை அல்ல என்று இப்போது தெரிகிறவற்றை நேர்மையாக நீக்கிவிடுங்கள். ஆனால் அதில் யாருக்காவது வாக்குக் கொடுத்திருந்தால், நீக்குவதற்கு முன் அவருக்குப் போன் செய்து சொல்லுங்கள்: "வர்றேன்னு சொன்னேன்ல தம்பி, என்னால முடியல. இன்னொருத்தர்கிட்ட சொல்லியிருக்கேன், அவர் செவ்வாய்க்கிழமை வருவார்." வாசலைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிற ஒருவருக்கு அந்த ஒரு போன் தேவை.